முருகைக்கல்லும் பாசிப் பூச்சும்

1992 மார்ச் 3, செவ்வாய்
கொளுத்தும் வெயில். பருத்தித்துறைக் கரையில் எடுத்த முருகைக்கல்லை, பவளப்பாறைத் துண்டை, விறகடுப்பில் மூன்றாம் தடவை அவித்தேன். கரண்ட் இல்லாத ஆஸ்பத்திரி ஆய்வுகூடம், சமைக்கிற குசினி மாதிரி. கண் எரிச்சல்.

நாலாம் கட்டில் நடராசா அண்ணை. கரவெட்டியில் புகையிலைத் தோட்டம். செல் குண்டு பட்டு முழங்காலுக்குக் கீழே இரண்டு அங்குல எலும்பு இல்லை. அவரின் இடுப்பெலும்பில் வெட்டி வைத்தும் ஒட்டவில்லை. டொக்டர் சொல்வது: அந்த இடைவெளியில் கல்லை வைத்தால் அதன் துளைகளுக்குள் எலும்பு வளரும். மேலே மருந்து கலந்த ஜெலற்றின் பூச்சு. அது மெல்லக் கரைய மருந்து கசியும், சீழ் பிடிக்காது. இதுவும் சரிவராவிட்டால் காலை எடுப்பதுதான்.

வாங்க: சவர்க்காரம் (இருந்தால்), பற்றரி.

மார்ச் 5, வியாழன்
கல்லைக் காட்டப் போனேன்.
"பிள்ளை, உதிலை மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லைத்தானே?"
"கல்லண்ணை."
"மேலை பூசுறது?"
ஜெலற்றின், மாட்டின் எலும்பும் தோலும் காய்ச்சி எடுப்பது. சொன்னேன். (கல்லே கடற்பூச்சிகளின் கூடுதான். அதை அவர் கேட்கவில்லை.)
"அப்ப காலை வெட்டட்டும். மாட்டை உள்ளுக்கை வைச்சுக்கொண்டு எப்பிடிக் கோயிலுக்குப் போறது?"
நானும் சைவம். பொய் வரவில்லை. வந்திருக்கலாம்.

மார்ச் 6, வெள்ளி
விரதம். ஜெலற்றினுக்குப் பதிலாக, ஆய்வுகூடத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கிற கடற்பாசிக் கூழில் மருந்தைக் கலந்து பூசினேன். பளபளவென்று ஒட்டியது. டொ.விடம் சொல்லவில்லை, ஏசுவார். மாடு வைக்கமாட்டேன், இது பாசி என்று சொல்ல, ந. அண்ணை கையெடுத்துக் கும்பிட்டார்.

மார்ச் 9, திங்கள்
கல் வைத்தாயிற்று. கனகச்சிதம். டொ. சிரித்தார், முதல் தடவை கண்டேன்.

மார்ச் 13, வெள்ளி
ந. அண்ணைக்குக் காய்ச்சல். சீழ். இன்னொரு கல்துண்டில் பாசி பூசி உப்புத்தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். பின்னேரத்துக்குள் பூச்சு தோலாகக் கழன்று மிதந்தது, மருந்தும் அதோடே. இதை முதலே பார்த்திருக்க வேண்டும். மடைச்சி.

ஏப்ரல் 21, செவ்வாய்
காலை எடுத்தாயிற்று. அதிலிருந்த கல்லைக் கழுவினேன். மேல் முனையில் நாலைந்து துளைகளுக்குள் புது எலும்பு. ஊசியால் குத்தினேன், அசையவில்லை. கல்லில் பிழையில்லை. பிழை என்னில்.

டொ. பார்க்கவேயில்லை. "உந்தக் கல் சரிவராது. மிச்சத்தையும் எறியும்."
ஆறாம் கட்டிலில் பதினேழு வயதுப் பெண். எலும்பில் அதே இடைவெளி.
"அவளுக்கு?"
"எடுக்கிறதுதான். வேறென்ன செய்யிறது?"
கழுவின கல்லைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 22, புதன்
புழுக்கம். ந. அண்ணை கண் விழித்துக் கதைத்தார். "கால் போனால் போகட்டும், பிள்ளை. நீங்கள் சொல்லைக் காப்பாத்தினியள்." மனைவி கோயில் வாழைப்பழம் தந்தா. வாங்கிக்கொண்டேன். தின்ன முடியவில்லை.

கல் எதையும் எறியவில்லை. ஜெலற்றின் பாதிப் போத்தல் மிச்சம். ஆறாம் கட்டிலுக்கு நாளை காலை எட்டு மணிக்கு ஒப்பரேசன். பாசி பூசினதை டொ.விடம் இன்னும் சொல்லவில்லை.