கிலுகிலுப்பை முற்றும் வரை

ரெய்னர்ஸ் லேன், லண்டன்,
ஆகஸ்ட் 18

அன்பின் உங்களுக்கு,

கனடாவில், வின்னிப்பெக்கில் நீங்களும் உங்கள் அண்ணை குடும்பமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம். நீங்கள் மறந்துவிட்டுப் போன முழங்கால் தைலப் போத்தல் உட்பட வீட்டில் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. போனில் சொல்லாமல் இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் கதைத்தால் மூன்றாவது வசனத்தில் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது. கடிதத்தில் நீங்கள் இடைமறிக்க முடியாது. ஆகவே முழுவதையும் வாசியுங்கள்.

அண்ணையின் மகளின் கலியாணம் முடிந்து எட்டுக் கிழமை ஆகிறது. இரண்டு கிழமையில் திரும்பி வருவதாகத்தான் சொல்லிப் போனீர்கள். டிக்கெட்டை மாற்றியதையும் நம் மகள் ஜதுர்ஷிகா சொல்லித்தான் அறிந்தேன். அப்பாவோடு இன்னும் கோபமா என்று அவள் கேட்டாள். ஓம் என்றேன். அதை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

புருசனும் பெண்சாதியும் புல்லுக்குச் சண்டை பிடித்தார்கள் என்று கோயிலில் கதைக்கிறார்களாம். கதைக்கட்டும். ஆனால் என்ன நடந்தது என்பதை நீங்கள் ஒருதரம் என் பக்கத்திலிருந்து கேட்கவேண்டும்.

நம் வீட்டுப் பின்வேலிக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் கிடக்கும் வெளியை நீங்கள் மைதானமாகப் பார்த்தீர்கள். அதில் பிழையில்லை. பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவராக வந்த நாளிலிருந்து, நமது பிள்ளைகள் வாடகை மைதானங்களில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கிரிக்கெட் விளையாடுகிறார்களே என்று கவலைப்பட்டவர் நீங்கள். கவுன்சிலிடம் அந்த வெளியைக் கேட்டும் இருந்தீர்கள். அது பாதுகாக்கவேண்டிய பழைய புல்வெளியா என்று ஜூன் நடுப்பகுதியில் செடிகளைப் பார்த்தபிறகுதான் பதில் சொல்வோம் என்றது கவுன்சில். அப்படிச் செடி பார்க்கக் கவுன்சில் அனுப்புகிறவள் ஹெலன். டொக்டர் நடக்கச் சொன்ன நாள்முதல் நான் அங்கே அவளோடு குனிந்து குனிந்து பூப் பார்த்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நீங்கள் ஒருநாளாவது கூட வரவில்லை.

பிறகு அந்தச் சிரமதானம், சங்கத்தார் கூடிக் கூலியில்லாமல் செய்த அந்தத் துப்புரவு வேலை. நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வெளியைத் துப்புரவாக்கிக் காட்டினால் கவுன்சிலுக்குச் சங்கத்தின்மேல் மதிப்பு வரும் என்று நினைத்தீர்கள். உயர்ந்த புல்லைக் கண்டால் நம்மவர்களுக்கு முதலில் பாம்பு நினைவு வரும், அடுத்ததாக வெட்கம் வரும். கேட்பாரற்ற வளவு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து நான் வந்தபோது வெளி மொட்டையாகக் கிடந்தது. வெட்டிய புல்லையெல்லாம் பைகளில் கட்டி, கோயில் வீதியைப்போலக் கூட்டியும் வைத்திருந்தீர்கள். வேர்வையும் சிரிப்புமாக வந்து எப்படியிருக்கிறது என்று கேட்டீர்கள். நான் அழுதேன்.

“புல்லுக்கோ அழுகிறாய்?” என்று அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டீர்கள். எனக்கு நொந்தது அதுதான். இன்றைக்கும் நோகிறது.

நான் அழுதது கிலுகிலுப்பைக்காக. முழங்கால் உயரத்தில் மஞ்சள் பூப் பூக்குமே, அந்தச் செடி. காய் முற்றினால் உள்ளே விதை கிலுகிலுக்கும் என்பதால் நான் அதற்கு வைத்த பெயர். அது முரட்டுப் புல்லின் வேரில் உறிஞ்சி வளரும். அதனால் புல் தலையெடுக்காது, மற்றப் பூக்களுக்கு வெளிச்சம் கிடைக்கும், பூவைத் தேடிக் கறுப்பு வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் வரும். அது போனால் சில வருடங்களில் முரட்டுப்புல் எல்லாவற்றையும் மூடிவிடும். வருடா வருடம் அது விதையிலிருந்துதான் முளைக்கவேண்டும். நீங்கள் வெட்டியது பூத்திருந்த நேரம். ஒரு விதைகூட முற்றியிருக்கவில்லை.

நீங்கள் விமானம் ஏறிய அடுத்த கிழமை ஹெலன் வந்தாள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தால் அன்றைக்கே உங்களுக்கு மைதானம் கிடைத்திருக்கும். அவள் அப்படி எழுதவில்லை. அடுத்த ஜூனில் இன்னொருமுறை பார்க்கக் கவுன்சிலிடம் அனுமதி வாங்கினாள். இன்னொரு தவணை கிடையாது என்றும் சொல்லிவிட்டாள். அதாவது அடுத்த ஜூனில் அந்த வெளி பூத்துக் காட்டவேண்டும்.

சும்மா இருக்க என்னால் முடியவில்லை. புல் வெட்டியது யார் என்று விசாரித்தேன். தோட்ட வேலைக் கொம்பனி வைத்திருக்கிற டிலுக்சன்தான் என்றார்கள். இல்ஃபோர்டில் அவன் வீட்டுக்கே போனேன். வாசலில் என்னைக் கண்டதும் முகம் சுருங்கிப்போனது. பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

“அக்கா, அது பூ எண்டு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை. வேலியோரம் ஒரு துண்டு மிச்சம் கிடக்குது. பெற்றோல் முடிஞ்சதால விட்டிட்டு வந்தனான். அதை வெட்ட வரவோ, விடவோ?”

அந்த இடத்தில் அவனைக் கட்டிப்பிடிக்காத குறை. இருட்டுப்படுவதற்குள் ஓடிவந்து பார்த்தேன். ரயில் பாதைப் பக்கத்து முள்வேலியை ஒட்டி, வீட்டிலிருந்து தெரியாத மூலையில், நமது கூடத்தைவிடக் கொஞ்சம் நீளமான துண்டு. அதில் கிலுகிலுப்பை பூத்து நின்றது. மறுநாளே நான்கு தடி நட்டுக் கயிறு கட்டினேன். உங்கள் வேட்டிக் கொடிக் கயிறுதான், வந்து கோபிக்காதீர்கள். நாய் கொண்டுவருகிறவர்களிடமும் போய்ப் போய்ச் சொன்னேன். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள்.

ஜூலைக் கடைசியில் காய்கள் காய்ந்து, தட்டினால் சத்தம் கேட்டது. அப்போதுதான் கமலாம்பிகை அக்காவிடம் போனேன். நீங்கள் கூப்பிட்டால் சங்கம் வரும், அவ கூப்பிட்டால் கோயிலே வரும். இன்னொரு சிரமதானம் வைத்தோம். இந்தமுறை நான் சொன்னபடி. முதலில் விதையைத் தட்டி எடுத்தோம். பிறகுதான் டிலுக்சன் மெசினைத் தொட்டான். வெட்டியதைச் சில நாள் காயவிட்டு, அதன்பிறகு வாரி அள்ளினோம். வெட்டுவதற்கும் ஒரு காலம் இருக்கிறது, வெட்டாமலே விட்டாலும் வெளி கெட்டுவிடும் என்று விளங்கப்படுத்தினேன். அக்கா உளுந்து வடையோடு வந்தா. பாம்பு இல்லையென்று நான் மூன்றுதரம் சத்தியம் செய்தபிறகுதான் செருப்பைப் புல்லுக்குள் வைத்தா.

மைதானத்தையும் நான் மறக்கவில்லை. வெளியின் கிழக்குப் பக்கம், கராஜ்களுக்குப் பின்னால், எப்போதும் ஒட்ட வெட்டிய வெறும் புல்தானே? அங்கே அருமையான செடி எதுவும் இல்லை என்று ஹெலன் சொல்கிறாள். பெரிய மைதானம் வராது. பிள்ளைகள் பந்து போட்டுப் பழக வலைகள் கட்ட இடம் காணும். சங்கம் பூப் பூக்கும் மேற்குப் பக்கத்தைக் கேட்பதை நிறுத்திக் கிழக்குப் பக்கத்தை மட்டும் கேட்டால் கொடுக்கலாம் என்று கவுன்சிலில் சொன்னார்கள். சங்கத்தில் பாதிப்பேர் சம்மதம். மற்றவர்கள் தலைவர் சொல்லட்டும் என்கிறார்கள். உபதலைவரை வைத்துக் கூட்டத்தை நடத்தலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், செப்டெம்பர் கடைசி ஞாயிறு பொதுக்கூட்டத்துக்கு அவர் வருவார் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதுதான். நீங்களும் என்னைக் கேட்காமல் வெட்டினீர்கள்.

நீங்கள் குடும்பக் குழுவில் போட்ட படத்தைப் பார்த்தேன். அண்ணைக்குப் பக்கத்தில், நெஞ்சளவு புல்லுக்குள் நிற்கிறீர்கள். ஒருகாலத்தில் அடிவானம் வரைக்கும் கிடந்த புல்வெளியாம், இப்போது அந்த மாகாணத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லையாம் என்று கீழே எழுதியிருந்தீர்கள். வேறு எவராவது எழுதியிருந்தால் சும்மா வாசித்துவிட்டுப் போயிருப்பேன். அண்ணி போனில் இன்னொன்றும் சொன்னா. சனிக்கிழமைகளில் அண்ணையோடு போய், வெளியூர்க் களை பிடுங்குகிறீர்களாமே? கையுறையும் போட்டுக்கொண்டு! எனக்குச் சொல்லவேண்டாம் என்றும் கேட்டீர்களாம். அவவிடம் இரகசியம் சொன்னது உங்கள் பிழை.

அன்றிரவு சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன், அதுவும் புல்லுக்கு இல்லை.

மேற்குப் பக்கத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் வந்து மேடையில் எனக்கு எதிராகப் பேசினாலும் நான் எழும்பிப் பதில் சொல்வேன். ஆனால் வந்து பேசுங்கள். அங்கிருந்து பேசாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை.

விதை, கத்தரிக்காய் வாங்கிய கடதாசிப் பையில், கட்டிலுக்குப் பக்கத்தில் உங்கள் பக்கத்து மேசையில் இருக்கிறது. மண்ணைக் கீறி, இலையுதிர் காலத்துக்குள் போடவேண்டும், குளிர் பட்டால்தான் முளைக்கும். டிலுக்சன் வந்து போட்டுத் தருவதாகச் சொன்னான். நான்தான் பொறு என்றேன். வெட்டுவித்த உங்கள் கையே விதைக்கட்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த விதையை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்க முடியாது. இந்த வருடம் மண்ணுக்குப் போகாவிட்டால் செத்துவிடும். நவம்பர் வரை காத்திருப்பேன். அதற்குமேல் விதைக்கும் தாங்காது, எனக்கும் தாங்காது.

முருகன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கையுறையையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

உங்கள்,
தவமலர்