செவலை வழுக்கிய கறவை மேடை

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை.

அக்கா மகள் கனகாவின் மாட்டுக் கொட்டத்தில் கறவை மேடை முடிந்தது. இடுப்பு உயரம். ஏற ஒரு சரிவு, இரண்டு மாடு நிற்கக் கம்பி அடைப்பு. கனகா கீழே நின்றபடியே மிஷின் மாட்டலாம். முட்டிவலிக்காரி, இனிக் குந்த வேண்டாம்.

தளம் என் கை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் களம் பூசிப் பழகிய கை. ஒரு காய் ஒட்டாது. சிமெண்டுப் பால் தேய்த்து, முகம் பார்க்கலாம் போல இழைத்துவிட்டேன். சிலமலை ஊரே திரண்டு வந்து பார்த்தது. (ஏழெட்டுப் பேர்.)

"கொஞ்சம் சொரசொரப்பா விட்டா என்ன மாமா?" என்றாள் கனகா.

"சாணி ஒட்டாது ஆத்தா. வாகமண்ணுல இருநூறு மாட்டுப் பண்ணைக்கு நாந்தான் இப்பிடிக் கட்டிக் குடுத்தேன்."

தீவன லோடு இறக்கப் போனபோது அந்தப் பண்ணையைக் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

ஐப்பசி 11, புதன்

முதல் கறவை. விடிய மழை. செவலைப் பசு ஈரக் குளம்போடு ஏறியது. பின்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் அகன்று, தொப்பென்று விழுந்தது. எழப் பார்த்து மறுபடி வழுக்கல். அந்தக் கண்.

சாக்கு விரித்து, மணல் தூவி, கனகா புருஷனும் பக்கத்து வீட்டுப் பாண்டியும் நானும் மண்தரைக்கு இறக்கினோம். அப்படியே கிடக்கிறது. அந்த வீட்டுக்கு அதுதான் பெரிய கறவை.

மாட்டு டாக்டர் வந்தார். "எலும்பு முறியல. தொடையில தசை பிசகிருச்சு. வைக்கோல் போட்டுப் புரட்டி விடுங்க. எந்திரிச்சாத்தான் உண்டு." தளத்தைக் காலால் தேய்த்தார். "யாரு போட்டது இது?"

நான் தண்ணித் தொட்டியைப் பார்த்தேன்.

"நாந்தான் சார் வழவழன்னு கேட்டேன்" என்றாள் கனகா.

ஊரெல்லாம் அளக்கிற வாய் எனக்கு. வைக்கோல் எடுக்கப் போனேன்.

ஐப்பசி 12, வியாழன்

மழை இல்லை. தவிடு வாங்கினேன். டீக்கடையில் பாண்டி: "என்ன மாமா, பொட்டிபுரத்துல நியூட்ரினோவுக்கு மலையக் கொடைஞ்சா உள்ள தளம் போட ஒம்மத்தான் கூப்பிடுவாகளாமே?"

சிரிப்பு.

"ஆமா மாப்ளே, ஜீப்பு அனுப்புறேன்னாக." பழக்கத்தில் வந்துவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். செவலை இன்னும் எழவில்லை.

ஐப்பசி 13, வெள்ளி

மத்தியானம் செவலை முன்காலை ஊன்றியது. நாலு பேர் வயிற்றடியில் சாக்குக் கொடுத்துத் தூக்க, நடுங்கி நடுங்கி நின்றுவிட்டது! கனகா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

உளியும் சுத்தியலும் எடுத்து மேடையில் குறுக்கும் நெடுக்கும் கோடு கொத்த ஆரம்பித்தேன். என் பூச்சை நானே.

"சாப்பிட்டுட்டுக் கொத்துங்க மாமா. அந்தச் சோலி எங்கயும் போயிராது."

"வாகமண்ணுல நான் கட்டல தாயி."

"தெரியும். அம்மா அப்பவே சொல்லுச்சு."

"பெறகு எதுக்கு எங்கிட்டக் குடுத்த?"

"களம் பூசுறது மட்டும் நெசந்தானே மாமா."

என்னைத் திட்டியிருக்கலாம்.

ஐப்பசி 14, சனி

வெயில். பாதி கொத்தியாயிற்று. தவிட்டைக் காட்டியும் செவலை சரிவில் கால் வைக்க மாட்டேன் என்கிறது. கனகா மண்ணில் குந்திக் கையாலேயே கறந்தாள். எழ முடியவில்லை. என் தோளைப் பிடித்து எழுந்தாள்.