வயரைச் சொருகிய கை

ஜூன் 12, வியாழன்
இன்று மட்டும் மூன்றாம் கட்டடத்துக்கு நாலு தடவை ஏறி இறங்கினேன். குற்றாலத்து லாட்ஜில் நாலு கட்டடம், கம்ப்யூட்டர் வயர்களை ஒன்றோடொன்று சேர்க்கும் பெட்டிகள், அதாவது நெட்வொர்க் சுவிட்ச், பதினோரு. பில் போடும் கம்ப்யூட்டர், கேமரா, வைஃபை எல்லாம் அவற்றை நம்பித்தான். எது மக்கர் செய்தாலும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அதன் முன்னால் போய் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே திரையில் கொண்டுவரலாம் என்று இரண்டு வருஷமாகச் சொல்கிறேன். சீசன் முடியட்டுமாம்.

முட்டி வலி.

ஜூன் 21, சனி
நல்ல சாரல். அறை எல்லாம் நிறைந்துவிட்டது. காலை ஒன்பதேகாலுக்கு நெட்வொர்க் மொத்தமும் படுத்தது. வரவேற்பில் ஈரத்துண்டோடு கூட்டம், மூன்று மணி நேரம். கடைசியில் மூன்றாம் கட்டடத்தில் கண்டுபிடித்தேன் — ஒரே வயரின் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில். அது போதும், தகவல் சுற்றிச் சுற்றி வந்தே எல்லா சுவிட்சும் திணறிவிடும்.

முதலாளி நல்லக்கண்ணு அண்ணாச்சி யார் வேலை என்று கேட்டார். நேற்று எலக்ட்ரீஷியன் சுடலைமணி அண்ணன்தான் அங்கே வயர் இழுத்தார் என்றேன். இழுத்தது அவர்தானே?

ஜூன் 22
சுடலைமணி அண்ணனை நிறுத்திவிட்டார்கள். பதினாறு வருஷ வேலை.

ஜூலை 9
அந்தச் சனிக்கிழமைக்குப் பயந்தே ஒரே திரைக்கு அண்ணாச்சி சம்மதித்தார். பதினோரு சுவிட்சும் இப்போது ஆபீஸில், என் திரையில், பச்சைப் புள்ளிகளாக. எந்த வயர் எப்போது சொருகப்பட்டது என்று சுவிட்சுகள் குறித்து வைத்திருந்த பழைய பதிவுகளும் கூடவே வந்திருக்கின்றன.

ஜூலை 10
பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அந்த வயர் சொருகப்பட்டது ஜூன் 21, காலை 9.12. சுடலைமணி அண்ணன் அன்று வந்ததே பத்து மணிக்கு. ஒன்பது மணிக்கு மூன்றாம் கட்டடத்தில் இருந்தது நான். ஒரு வயர் தொங்கியது. கழன்றுவிட்டதென்று நினைத்து, காலியாக இருந்த ஓட்டையில் சொருகிவிட்டு அடுத்த கட்டடத்துக்கு ஓடினேன்.

நான்தான். நானேதான் செஞ்சிருக்கேன்.

ஜூலை 14
இன்றும் சொல்லவில்லை.

ஜூலை 17
அண்ணாச்சியிடம் சொன்னேன். திரையையும் காட்டினேன்.

"மெஹரு, முடிஞ்சத ஏன் கிண்டுத?"

அவரைத் திரும்பக் கூப்பிடாவிட்டால் நானும் வரமாட்டேன் என்றேன். போய்க் கூப்பிட்டுப் பார் என்றார்.

ஜூலை 20, ஞாயிறு
பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார் சுடலைமணி அண்ணன். ஐம்பது வயதுக்கு மேல். நடந்ததைச் சொன்னேன். தோளில் இருந்த பெட்டியை இறக்காமலே கேட்டுக்கொண்டு நின்றார்.

"நான் செய்யலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். முந்தின நாளு ஒரு முனையக் கழத்திப் போட்டுட்டுத்தான் போனேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க படிச்ச ஆளு. எம்பேச்ச யாரு கேப்பா?"

வேலைக்கு வருவீர்களா என்றதும் பெட்டியோடு கடைக்குள் போய்விட்டார். திரும்பும் பஸ்ஸில் மேலகரம் வரைக்கும் என்னால் முகத்தைத் தூக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 4
சுடலைமணி அண்ணன் வந்து மூன்று நாளாகிறது. இன்று ஒரு புள்ளி சிவந்தது, இரண்டாம் கட்டடம். வயரை மாற்றச் சொல்லிப் போன் செய்தேன். நேரே ஆபீஸுக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எந்த வயரு, எந்த ஓட்டைன்னு எழுதுங்க. நேரம் போட்டு, கீழ கையெழுத்தும் போடுங்க."

எழுதினேன். நேரம் 11.40. கையெழுத்துப் போட்டேன்.