நாற்பத்தாறு பாட்டில் மணல்

12 பிப்ரவரி 2024, கொரட்டூர்

தண்ணீர் லாரி வரவில்லை. முழங்கால் வலி. முப்பத்தோராவது மனுவுக்கும் பதில் இல்லை. முப்பதுக்கு வராதது இதற்கு மட்டும் வருமா?

சாயங்காலம் மகள் ஃபெபி ஒரு செய்தியோடு வந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்க்கும் மண் பரிசோதனைக் கூடத்துக்கு எங்கள் பழைய சுரங்க ஊரான நாகலேருவின் மணல் வந்திருக்கிறதாம். பையில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது என்றாள். மூடிய சுரங்கத்தின் கழிவு மேட்டில் மிச்சத் தங்கம் எடுக்கலாமா என்று ஒரு கம்பெனி பார்க்கிறது.

இதைத்தானே இத்தனை வருஷமாக நான் கத்துகிறேன்! எட்டாவது படித்தவன் கத்தினால் யார் காதில் விழும்.

13 பிப்ரவரி

தூக்கமில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

நாகலேருவில் பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச மாவைக் கொட்டிக் கொட்டியே ஒரு மலை எழுந்தது. நான் சோதனை அறையில் உலைக்குக் கரி தள்ளியவன். பெரியவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அந்த மாவை நானே உருக்கிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். டன்னுக்கு இரண்டு கிராம் தங்கம், கொஞ்சம் கூடக் குறைய. நாற்பத்தாறு தடவை எடுத்த மண்ணில் மிச்சம், ஹார்லிக்ஸ் பாட்டில்களில் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது.

மனுவில் எழுதாதது ஒன்று உண்டு. சுரங்கம் மூடி நாங்கள் இங்கே வந்த பிறகு, ஒரு பெருமழையில் அந்த மாவு இறங்கிவந்து கீழே இருந்த கல்லறைத் தோட்டத்தை மூடியது. மூன்று வரிசை. மூன்றாவதில் ஞானகுமாரி. அவளுக்கு இடது பக்கம் எனக்கென்று ஃபாதரிடம் கேட்டு வைத்த இடம்.

தங்கம் இருக்கிறது என்றால் யாராவது அள்ள வருவார்கள். என் பெண்டாட்டி கீழே இருக்கிறாள், அள்ளுங்கள் என்றால் வருவார்களா?

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் ஒரு பாட்டிலைத் திறந்து, அந்த மணலில் மெழுகுவர்த்தி நட்டு வாசலில் வைக்கிறேன். வேறென்ன செய்ய.

20 பிப்ரவரி

ஸ்டேஷன் டீக்கடைக்காரன் பரந்தாமன்: "இன்னா நைனா, மலைய தோண்டிட்டாங்களா? எனக்கு ஒரு மோதிரத்துக்காவது எட்த்து வெய்யி."

சிரிக்கட்டும். பார்க்கலாம்.

4 மார்ச்

ஃபெபியின் கூடத்தில் சோதனை முடிந்தது. டன்னுக்குக் கால் கிராம்கூட இல்லையாம். கம்பெனி கைகழுவப் போகிறது.

பொய். முழுப் பொய். மேட்டில் துளை போட்டு மண்ணெடுக்கத் தெரியாதவன் எவனோ எடுத்திருக்கிறான். ஃபெபியிடம் கத்தினேன். "உங்க மெஷினுக்கு இன்னா தெரியும்? நான் உலைல கை வெந்தவன்டி!" அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நானும்தான்.

8 மார்ச்

கூடத்திலிருந்து கிருஷ்ணப்பிரியா என்ற பெண் வீட்டுக்கே வந்தது. நான் மண்ணை உருக்கிப் பார்த்த கணக்கெல்லாம் எழுதிய பழைய நோட்டுப் புத்தகத்தை ஃபெபி காட்டியிருக்கிறாள், என்னைக் கேட்காமல். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து ஒரு பக்கம் விடாமல் படித்தது. என் எழுத்தை அப்படி யாரும் படித்ததில்லை.

"ஐயா, இந்த மண்ணெல்லாம் எங்க எடுத்தீங்க?"

"மேட்டுல."

"மேட்டுல எந்த இடம்?"

"எல்லா இடத்துலயும்" என்றேன்.

போகும்போது, பாட்டில்களைக் கட்டிலுக்கடியில் வைக்காதீர்கள், மூன்றைக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்றது.

எல்லா இடத்திலுமா பாஸ்கல் என்று ராத்திரி என்னையே கேட்டுக்கொண்டேன்.

9 மார்ச்

இல்லை.

மேட்டின் முதுகில் ஏறினால் இடுப்பு வரை புதையும். ஒருத்தன் புதைந்து செத்தும் போனான். அதிலிருந்து, கால் நிற்கிற இடத்தில்தான் மண்ணெடுப்பது என்பது எங்கள் பழக்கம். கால் நிற்கிற இடம் எது? மழை அறுத்த ஓடைகளின் தரை. அங்கே மட்டும்தான்.

14 மார்ச்

மூன்று பாட்டிலிலும் ஆர்செனிக் என்று ஃபெபி வந்து சொன்னாள். எலிப் பாஷாணத்தில் இருக்கிற அதே விஷம். மேட்டின் நடுவில் இருப்பதைப்போலப் பல மடங்கு.

நான் நம்பவில்லை. எனாமல் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். ஒரு பாட்டிலைக் கொட்டித் தண்ணீர் விட்டு ஆட்டினேன். லேசான மாவு தண்ணீரோடு போனது. கனமான கறுப்பு மணி தட்டிலேயே தங்கியது. தங்கமும் அதோடுதான் தங்கும், விஷமும் அதோடுதான்.

நான் ஒரு தட்டை ஆட்டினேன். மழை அந்த மலையையே வருஷக்கணக்கில் ஆட்டியிருக்கிறது. ஓடையில் தங்கியதை அள்ளிவந்து, இதுதான் மலை என்று ஊரெல்லாம் மனு போட்டிருக்கிறேன்.

"அப்பா! வெறுங்கையிலயா? கீழ போடுப்பா!" ஃபெபி சோப்புப் போட்டு என் கையைத் தேய்த்துக் கழுவினாள். நகத்துக்குள்ளேயும். சின்னப் பிள்ளையில் அவளுக்கு நான் செய்தது. சிந்திய மண்ணையும் தண்ணீரையும் வழித்து வாளியில் மூடி வைத்தோம்.

15 மார்ச் முதல் 22 வரை

எழுத ஒன்றுமில்லை.

23 மார்ச்

ஃபெபி சொன்னாள்: "நீ எங்க எடுத்தேன்னு எழுதிக் குடுத்தா, மேட்ட விட்டுட்டு அடிவாரத்த மட்டும் பாப்பாங்கப்பா. ஓடையெல்லாம் அங்கதான இறங்குது. எழுதலைன்னா ஃபைல மூடிடுவாங்க."

எழுதினால் முப்பத்தோரு மனுவும் பொய்யாகிவிடும். சுரங்கத்துக்காரன் பாஸ்கல் சொன்னது தப்பு என்று நானே கையெழுத்துப் போட வேண்டும். மேடு வெட்டுப்படாது. ஊருக்கு மறுபடி வேலை வரும், சுரங்கச் சங்கு ஊதும் என்று நினைத்ததெல்லாம் அவ்வளவுதான்.

ஆனால் ஓடைகள் இறங்கும் அடிவாரம் கல்லறைத் தோட்டம்.

குமாரி, நான் என்ன செய்யட்டும்? நீ இருந்தால் "போதும், எழுதுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாய்.

24 மார்ச்

எழுதினேன். ஓடைகளை வரைந்து, நாற்பத்தாறு இடத்தையும் குறித்தேன். கடைசியில்: "நான் சொன்ன அளவு மலையினுடையது அல்ல, ஓடையினுடையது. தவறு என்னுடையது."

ஒருபோதும் எழுதாத வாக்கியம். பேனா நன்றாகத்தான் எழுதியது.

2 நவம்பர் 2024

பாட்டில்களைக் கூடத்துக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். மெழுகுவர்த்தியை நட மணல் இல்லை. ஒரு டம்ளரில் அரிசி போட்டு நட்டேன். அவள் பக்கத்தில் இருப்பதுபோல இல்லை.

18 ஜூலை 2025

அறிக்கை வந்துவிட்டது. அடிவாரத்து மணலை ஈரப்படுத்தியே அள்ள வேண்டும், தூசி பறக்கக் கூடாது. அடியில் தடித்த பிளாஸ்டிக் விரித்த தொட்டியில் கழுவி, அந்தத் தண்ணீரையே திரும்பப் பயன்படுத்த வேண்டும், ஊர்க் கிணற்றுப் பக்கம் சொட்டு போகக் கூடாது. கிடைக்கும் தங்கம், இடத்தைச் சுத்தம் செய்யும் செலவில் பாதிக்குத்தான் ஆகுமாம், மீதியை அரசாங்கம் தருகிறது. மேட்டை மண் போட்டு மூடிப் புல் வளர்க்கப் போகிறார்கள். கல்லறைகள் இருக்கும் இடத்தில் மெஷின் கூடாது, கையால்தான்.

என்னைப் பற்றி: "உள்ளூர்வாசி ஒருவர் அளித்த குறிப்பின்படி."

பெயர் போட்டால் மை தீர்ந்துவிடுமா? நாளைக்கே ஒரு மனு எழுதுகிறேன்.

2 நவம்பர் 2025, நாகலேரு

பரந்தாமனும் கூட வந்தான், கடைக்கு லீவு விட்டு. ரயிலில் வழியெல்லாம் "மோதிரம் வாங்கிக்கினுதான் நைனா திரும்புவேன்" என்று பேசிக்கொண்டே வந்தவன், வேலியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

உள்ளே விடவில்லை. தரை மண் சோதனை முடியவில்லையாம். சண்டை போட்டேன், மசியவில்லை. சரியாகத்தான் செய்கிறார்கள்.

வேலிக்கு இந்தப் பக்கம் மெழுகுவர்த்தி ஏற்றினோம். மணலை அள்ளிவிட்டிருந்ததால் அங்கிருந்தே தெரிந்தது. முதல் வரிசை, இரண்டாவது, மூன்றாவது. கறுப்புக் கல். பெயரை ஃபெபி படித்துச் சொன்னாள், என் கண்ணுக்கு எட்டவில்லை.

இடது பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.