"செட்டில்" என்ற சொல்லுக்கு நீ அனுப்பிய பொருள்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். சாப்பிடுகிறேன், காலையில் நடக்கப் போகிறேன், மாத்திரையை மறப்பதில்லை. இதற்குப் பெயர் நலம் என்றால் நான் நலம்தான். போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீ "ம்" என்பாய், நான் அங்கே குளிரா என்று கேட்பேன், இரண்டு பேரும் வைத்துவிடுவோம். இரண்டு மாதமாக அந்த "ம்" கூட இல்லை.

போன வாரம், "செட்டில்" என்றால் சரியாக என்ன பொருள் என்று கேட்டு உனக்குச் செய்தி அனுப்பினேன். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள், அப்பனுக்கும் முழுப் பாடமாக அனுப்பிவிட்டாய். தகராறைத் தீர்த்துக்கொள்வது, ஓர் ஊரில் குடியேறுவது, தூசி படிவது, பறவை கிளையில் வந்து அமர்வது, மனம் அடங்குவது, கட்டடம் மண்ணில் இறங்கி நிலைகொள்வது. ஒவ்வொன்றுக்கும் ஒத்த சொற்கள், ஒரு வாக்கியம் வேறு. ஒரே சொல்லிடம் இத்தனை வேலை வாங்கினால் அது சங்கம் வைத்து ஸ்டிரைக் பண்ணாதா என்று சிரித்தேன். பிறகுதான் கவனித்தேன், அவ்வளவு நீளச் செய்தியில் உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. எதற்குக் கேட்கிறீர்கள் என்றுகூட நீ கேட்கவில்லை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

அம்மா போனதிலிருந்து வீட்டில் ஒரு சத்தம். சாயங்காலம், வெயில் இறங்கும்போது, பால்கனிப் பக்கம். துணி காயப்போட அவள் முக்காலியை இழுப்பாளே, அதே இழுவை. கொஞ்சம் நிற்கும். மறுபடி இழுபடும். பால்கனிக் கதவை அன்றைக்கே பூட்டிவிட்டேன். முக்காலி கூடத்தில் என் கண் முன்னால் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டினவன் நான், எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வேன். இது பிடிபடவில்லை. ஒரு நாள் என்னையறியாமல், "பாத்து இழு, கீழ்வீட்டுக் குழந்தை தூங்குது" என்று குரல் கொடுத்துவிட்டேன். சத்தம் நின்றுவிட்டது. நான் பயந்துவிட்டேன் என்று நினைக்காதே. அது நின்றதுதான் பொறுக்கவில்லை.

கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். புதுக் கட்டடம், செட்டில் ஆகிற வரைக்கும் இப்படித்தான் முனகும் என்றார். எவ்வளவு நாள் ஆகும் என்றேன். அது அதோட இஷ்டம் சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதே வாரம் கட்டடக் கம்பெனி மேனேஜர் வந்தார். அம்மா பால்கனியிலிருந்து விழுந்ததற்குக் கம்பெனி மேல் நான் போலீசில் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கினால், வேறு கட்டடத்தில் தரைத்தளத்திலேயே இதைவிடப் பெரிய வீடு தருவார்களாம். செட்டில் பண்ணிக்கொள்ளலாம் என்று உட்காரும்போதும் சொன்னார், எழுந்திருக்கும்போதும் சொன்னார். உன் பெரியப்பாவும் அந்தப் பக்கம்தான். பொண்ணு அங்கே செட்டில் ஆகிவிட்டாள், நீ மட்டும் ஏன் பேயடித்தவன் மாதிரி இந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாய், நீயும் செட்டில் ஆகு என்றார். அன்றைக்குத்தான் உனக்குச் செய்தி அனுப்பினேன். எல்லோர் வாயிலும் ஒரே சொல். யார் எதை நினைத்துச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை மேனேஜர் மறுபடி வந்தார். வீடு வேண்டாம் என்றேன். எல்லா மாடியிலும் பால்கனிக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், கீழ்வீட்டுக் குழந்தை இப்போது கண்டதையெல்லாம் பிடித்து ஏறுகிறது என்றேன். பிறகு பூட்டைத் திறந்து அவரைப் பால்கனிக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றேன். கம்பி விட்டுப்போன இடத்தைக் குனிந்து பார்த்தார், விரலால் சுரண்டினார். நிமிர்ந்து என்னிடம் சொன்னார்.

"வெல்டிங்கே பிடிக்கல சார். மேல பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க. யார் சாஞ்சிருந்தாலும் விழுந்திருப்பாங்க."

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அந்த இரண்டாவது தடவை உனக்காகக் கேட்டு வாங்கினது.

கடைசியாகப் பேசினபோது நீ கேட்டாய், "அம்மா அன்னைக்கு என் போர்வையைத்தானேப்பா காயப்போட்டாங்க?" நான் பதில் சொல்லவில்லை. நீயும் அதற்கப்புறம் பேசவில்லை. இப்போது சொல்கிறேன். ஆமாம், உன் போர்வைதான். நீ லீவுக்கு வருகிறாய் என்று துவைத்தாள். ஆனால் அதனால் அவள் விழவில்லை. கம்பியில் பிடிப்பு இல்லை, அதனால் விழுந்தாள். வேறொரு நாள் என் சட்டையைக் காயப்போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

இன்றைக்குக் காலையில் வெல்டிங் ஆட்கள் வந்து கீழ்மாடியில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். புகாரை நான் வாபஸ் வாங்கவில்லை. என்னிடம் சொன்னதை மேனேஜர் ஸ்டேஷனிலும் சொல்வாரா, தெரியாது. சாயங்காலம் அந்த இழுவை வருகிறதா என்று இப்போதும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று எழுதத்தான் ஆசை. எழுத வரவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. நீ வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்ததிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. எதிர்வீட்டம்மாவிடம், அவர்கள் கேட்காமலே, என் பொண்ணு வர்றா என்று சொன்னாள். மறுநாளும் போய்ச் சொன்னாள். எனக்கு இரண்டு தடவை டீ கொடுத்துவிட்டு, கொடுத்தேனா என்று என்னையே கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அந்த நாள்களை அவளுக்குக் கொடுத்தவள் நீ.

நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு ஒன்று மட்டும் செய். போன் பண்ணி, "வர்றேன்ப்பா" என்று ஒரு தடவை சொல். எப்போது வருகிறாய் என்று நான் கேட்கமாட்டேன். அதைச் சொல்ல நீ பயப்படக் கூடாது, அவ்வளவுதான்.

உன்
அப்பா