வெள்ளைப் பொடியை உலுக்காமல் அளந்தவர்கள்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது அக்கா. நேற்று ஸ்கூடாயில் மளிகைக் கடை வரிசையில் நின்றபோது, கல்லா பக்கத்து ஜாடியிலிருந்து ஒரு வெள்ளை மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, பூச்சு கரைந்துவிட்டதா என்று பார்க்க, அதை வெளியே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். ஐம்பதைத் தாண்டிய பொம்பளை செய்கிற காரியமா இது? பின்னால் நின்ற பல்கலைக்கழகப் பெண் பதறிப்போய், "ஆண்ட்டி, பல்லு விழுந்துடுச்சா?" என்றாள்.

"இல்லம்மா, டைட்டானியம்" என்றேன்.

அவள் புரிந்ததுபோலத் தலையாட்டினாள். டைட்டானியத்தில்தானே இப்போது பல் கட்டுகிறார்கள். பாவம், என் வாயைப் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டாள்.

இந்தக் கெட்ட பழக்கம் உங்களிடமிருந்து தொற்றியது. செனாய் பக்கத்து மிட்டாய் ஃபேக்டரியில் நாம் இருவரும் அடுத்தடுத்த மேசை. மிட்டாயை ஒரு வெள்ளை அட்டையோடு ஒட்டிவைத்து, வெள்ளை போதுமா போதாதா என்று சொல்வது என் வேலை. கண் இருக்கிற எந்தக் கோழியும் செய்துவிடும். அந்த வெள்ளைக்குக் காரணமான டைட்டானியம் டையாக்சைடு பொடி எவ்வளவு பொடிசு என்று அளப்பது உங்கள் வேலை. பொடியைத் தண்ணீரில் போட்டால் ரவை மாதிரி கட்டி கட்டியாக நிற்கும். அதிர்வுத் தொட்டியில் வைத்து உலுக்கினால்தான் கட்டி உடைந்து மணி மணியாகப் பிரியும். பிறகுதான் லேசர் மிஷினில் வைப்பீர்கள். தொட்டி ரீங்கரிக்கும்போது நீங்களும் கூடவே முனகுவீர்கள். எது மிஷின், எது அக்கா என்று எனக்குப் பல நாள் குழப்பம்.

பிறகு அந்த ஐரோப்பா வாடிக்கையாளர் கேள்வி கேட்டார்: உங்கள் வெள்ளைப் பொடியில் மிக நுண்ணிய துகள் எவ்வளவு? நீங்கள் உலுக்கி, அளந்து, உள்ளதை எழுதினீர்கள். நிறைய இருந்தது, அவர் சரக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுகிற அளவுக்கு. மேனேஜர் நம்ம ஆள்தான், லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். உங்கள் மேசையில் வந்து சாய்ந்துகொண்டு, "ஏன்கா அதப் போட்டு இந்த உலுக்கு உலுக்குறீங்க? உலுக்காம அளங்க லா. பெருசு பெருசா காட்டும், பிரச்சினையே இல்ல" என்றார்.

"ஒரு பஸ்ஸையே ஒரு ஆளுன்னு எண்ணினா காஸ்வே பாலத்துல ஜாமே இருக்காது பாஸ். நீங்க போய் இமிகிரேஷன்ல சொல்லிப் பாருங்களேன்."

எனக்குச் சிரிப்பு வாய் வரை வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"அப்ப அது விஷம்கிறீங்களா?"

"விஷம்னு நான் எங்க சொன்னேன்? எவ்ளோ பொடிசுன்னு கேட்டாங்க, சொல்றேன். உலுக்காம அளக்கணும்னா ரிப்போர்ட்டுலேர்ந்து என் பேர எடுத்துட்டு அளந்துக்குங்க."

அவர் அப்படியே செய்தார். மறு வாரமே உங்களைப் பேக்கிங் பிரிவில் பெட்டி அடுக்கப் போட்டார்கள். உலுக்காத பொடியை யாரோ அளந்தார்கள். மிட்டாய் கப்பலேறியது. அதிர்வுத் தொட்டியில் யாரோ மூக்குக் கண்ணாடி கழுவினார்கள் அக்கா, கண்ணாடி. பொய் சொன்னவர் குளிர்சாதன அறையில், சரியாக அளந்தவர் இடுப்பு வலியோடு லாரி வாசலில். நீங்களோ, "பெட்டியாவது ஒட்டிக்காம தனித்தனியா இருக்குடி" என்று சிரித்தீர்கள். ஆனால் என் மேசையைக் கடந்து போகும்போதெல்லாம் அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் போவீர்கள். அதை நான் கவனித்தேன்.

ஐரோப்பாவில் அந்தப் பொடியை உணவில் சேர்க்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். கெடுதல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். அதைக் கேட்டு "அப்படியா" என்று மட்டும் சொன்னீர்கள். நானாக இருந்தால் ஃபேக்டரி வாசலில் உறுமி மேளம் வைத்திருப்பேன்.

உங்கள் கருமக்கிரியைக்குக் கூலாயில் உங்கள் வீட்டுக்கு அந்த மேனேஜர் வந்தார். வந்தவர் சும்மா இருக்கலாம். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, உங்கள் மகளிடம், "அம்மா மாதிரி கரெக்டா அளக்கிறவங்கள நான் பார்த்ததே இல்லம்மா. நான்தான் அவங்களுக்கு ரொம்ப சப்போர்ட்டு" என்றார். உங்கள் மகள் கை கூப்பி நன்றி சொன்னாள். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. செத்த வீட்டில் சண்டை போடக்கூடாது. அதனால் அடுப்படிக்குப் போய், ஒரு கிளாஸில் மூன்று கரண்டி சீனி போட்டு, கடுங்கறுப்பாகத் தேத்தண்ணி ஊற்றி, கலக்காமல் கொண்டுவந்து நீட்டினேன்.

"சீனி அடியில கட்டியா கிடக்கு பாஸ். கலக்கல. நீங்க சொன்ன மாதிரியே, உலுக்காம குடிங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். புரிந்துவிட்டது. மேலே இருந்ததை மட்டும் குடித்துவிட்டு, அடியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். என் வாழ்நாளில் நான் யாரையும் அவ்வளவு அழகாக அவமானப்படுத்தியதில்லை. உங்கள் படத்தைப் பார்த்துக் கண்ணடித்தேன் என்று சொன்னால் நம்புவீர்கள்.

அன்றிலிருந்து எது கையில் வந்தாலும் உலுக்கிவிட்டுத்தான் பார்க்கிறேன். இருமல் மருந்து, மோர், யாராவது ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொல்லும் நல்ல வார்த்தை. கட்டியாக வருவதை அப்படியே நம்புவதில்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான், கூடவே கடையில் மிட்டாயை வெளியே எடுத்துப் பார்க்கும் அந்த மானங்கெட்ட பழக்கமும்.

அன்று வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் உங்கள் மகளிடம் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "தேத்தண்ணி பிரமாதம்மா. எனக்கு இனிப்பு நீர் வியாதி வந்ததுலேர்ந்து எந்த வீட்டுக்குப் போனாலும் சீனியக் கலக்கியே குடுத்துடுறாங்க. இங்கதான் பார்த்துக் குடுத்தாங்க."