குருவம்மாளுக்கு மாலை போட்ட சுவர்

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கும் சாரத்தில் இரண்டாவது பலகைக்கு மேல் ஏற முடியவில்லை. உயரம் என்றாலே பயம். கீழேயே நின்று உப்புத்தாள் தேய்ப்பவளாகவே இந்தச் சுவர் ஓவியப் பயிற்சி முடிந்துவிடுமோ?

கூடப் பயிற்சிக்கு வரும் லிங்கேஸ்வரன் மேலே இருந்து கத்துகிறான்: "ஏட்டி ராஜபாளையம், பஸ்ஸுல தொங்கிட்டு வரத் தெரியுது, இதுல ஏறத் தெரியலையா?" எட்டுப் பேரில் நான் ஒருத்திதான் ராஜபாளையம். மற்றவர்கள் எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். டீ குடிக்கப் போகும்போது அவர்களுக்குள் ஒரு பேச்சு ஓடும், நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பஸ்ஸில் அரைமணி நேரம்தான் தூரம், ஆனால் நான் என்னவோ சிலோனிலிருந்து வந்தவள் மாதிரி.

சுவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. நீளமான சுவர். ஆம்பளைகளுக்கு அது சுவரே இல்லை, மறைவிடம். முதல் வாரம் பிளீச்சிங் பவுடரும் மூக்கில் துண்டுமாகவே போனது. "சாமி படத்தை வரைங்கப்பா, ஒரு பய நிக்க மாட்டான்" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் யோசனை சொல்கிறார்கள். எங்களுக்குச் சொல்லித்தரும் அனுக்ரஹா அக்கா கேட்பதாக இல்லை. இந்த ஊர்ப் பெண், கோயில் தெரு வீடு, சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்தவர். "சாமிக்குக் கோயில் இருக்கு. இந்தச் சுவர் இந்தத் தெருவுல நிக்கிறவாளுக்கு" என்கிறார்.

வீட்டுக்கு வந்தால் அப்பா ஆரம்பிக்கிறார். "பன்னெண்டாவது படிச்சிட்டு, சுவத்துல என்ன வேலை உனக்கு?" மில்லில் பஞ்சுத் தூசியில் எனக்கு இளைப்பு வந்ததை அவர் மறந்துவிட்டார். ஆடி முடியும்வரை என் இடத்தை வைத்திருப்பதாக சூப்பர்வைசர் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

அக்கா இன்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஆடிப்பூரத் தேருக்கு முன் முடிக்க வேண்டும். தெருக்காரர்கள் ஏற்றுக்கொண்டால் அடுத்த சுவர் ராஜபாளையத்தில், இதே எட்டுப் பேருக்கும் மாதச் சம்பளம். புகார் வந்தால் ஆளுக்கொரு சான்றிதழ், அவ்வளவுதான். நான் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு மில் கேட்டில் நிற்பது மாதிரியே கண்ணுக்குத் தெரிகிறது.

ஜூன் 20, வெள்ளி

நீலப்பொடியில் தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுவரில் தட்டிக் கட்டம் போட்டோம். போட்டோவில் ஒரு சின்னக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ, அதைச் சுவரில் ஒரு பெரிய கட்டத்தில் வரைய வேண்டும். மூக்கு என்று நினைக்கக் கூடாது, கோடு என்று நினைக்க வேண்டும். இது எனக்கு வருகிறது! மில்லில் நூல் அறுந்த இடத்தைக் கண்டுபிடித்த கண்ணாச்சே.

இந்தத் தெருவில் நிற்கும் ஐந்து பேரை வரைகிறோம். எனக்கு வந்தது குருவம்மாள். சுவர் முக்கில் பூ விற்கும் அம்மா. வரையட்டுமா என்று கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என் மூஞ்சியவா? ஊருல வேற ஆளில்லையா?" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஜூன் 27, வெள்ளி

மூன்றாவது பலகை ஏறினேன். கீழே பார்க்கவில்லை.

முகம் வந்துவிட்டது. ஆனால் சுற்றிலும் வெறிச்சென்று இருந்தது. என்ன செய்யலாம் என்று எல்லோரும் யோசித்தபோது நான்தான் சொன்னேன் - இது மாலைக்குப் பேர்போன ஊர், அவரோ பூக்கட்டுகிறவர், படத்தைச் சுற்றி ஆண்டாள் மாலை மாதிரி துளசியும் செவ்வந்தியும் சம்பங்கியுமாக ஒரு மாலை ஓடட்டும் என்று. அக்கா கையைத் தட்டினார். லிங்கேஸ்வரன்கூட "பரவால்லயே" என்றான். டீக்கடையில் இன்று முதல் தடவையாக என்னிடம் திரும்பிப் பேசினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

ஜூலை 4, வெள்ளி

முடிந்தது. குருவம்மாள் முகம், சுற்றிலும் மாலை. எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். நான் செய்ததா இது? அந்த அம்மா இரண்டு நாளாகக் கடைக்கு வரவில்லை, உறவில் ஏதோ விசேஷமாம். நாளைக்கு வந்து பார்த்ததும் என்ன சொல்வார் என்று நினைத்தாலே இருப்புக்கொள்ளவில்லை. சந்தோஷம்தான். சந்தோஷம்தானே?

ஜூலை 5, சனி

எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. குருவம்மாளின் மகன் வீரணன். இறங்கிச் சுவரைப் பார்த்தார். அப்புறம் கத்தினார் பாருங்கள் -

"எவன்டா வரைஞ்சது? உசுரோட இருக்கவளுக்கு மாலையப் போட்டுச் சுவத்துல ஏத்தி வச்சிருக்கீக? எங்கம்மா என்ன செத்தா போயிட்டா?"

எட்டுப் பேரும் அப்படியே நின்றோம். படத்தைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்த அந்த நொடியே தெரிந்துவிட்டது. எங்க வீட்டுக் கூடத்தில் தாத்தா படம் இப்படித்தானே இருக்கிறது. சுவரில் ஒரு முகம், அதைச் சுற்றி மாலை. எப்படித் தெரியாமல் போச்சு எனக்கு? எட்டுப் பேர், ஒருத்தருக்குமா தோணல? அக்காவுக்குக்கூடவா?

அக்கா மெதுவாகச் சொன்னார்: "எங்காத்துல மாலைன்னா ஆண்டாள்தான். வேற நினைப்பே வரலை." அதேதான். இந்த ஊரில் மாலை என்றால் கோயில், கல்யாணம், ஆண்டாள் மாலை திருப்பதிக்கே போகிற பெருமை. அந்தப் பெருமையில் எல்லோருக்கும் கண் அவிந்துபோச்சு. அதிலும் அந்த யோசனையைச் சொன்னவ வெளியூர்க்காரி.

"ரெண்டு நாள் தாரேன். இல்லாட்டி நானே சுண்ணாம்பு வாளியோட வாரேன்" என்று சொல்லிவிட்டு வீரணன் போய்விட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

லிங்கேஸ்வரன் போன். படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு குருவம்மாள் நேற்றுச் சாயங்காலம் பார்க்க வந்தாராம். பார்த்தவர் அங்கேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாராம். பிரஷர். பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

ஐயோ. ஐயோ. எதாவது ஆச்சுன்னா?

ஜூலை 7, திங்கள்

சோறு இறங்கவில்லை. மாத்திரை போடாமல் விட்டதால்தான் பிரஷர் ஏறியது என்று டாக்டர் சொன்னதாக லிங்கேஸ்வரன் சொல்கிறான். சொல்லட்டும். தெருவில் யாரும் மாத்திரையைப் பேசவில்லை, சுவரைத்தான் பேசுகிறார்கள். நானும் சுவரைத்தான் நினைக்கிறேன்.

அப்பா கேட்டார்: "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிஷமே மில்தான்.

ஜூலை 8, செவ்வாய்

போனேன். அக்கா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். என்ன வாங்கிக்கொண்டு போவது என்றுகூடத் தெரியவில்லை. பூக்காரம்மாவுக்குப் பூவா வாங்குவது? கடைசியில் ரெண்டு ஆரஞ்சு.

குருவம்மாள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வீரணன் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். அதுவே பெரிய தயவு.

"நீதானா?" என்றார். "ஏட்டி, ஊருல எழவு வீட்டுக்கெல்லாம் நாந்தேன் மாலை கட்டிக் குடுக்கேன். எம் புருஷன் படத்துக்கும் நாந்தேன் கட்டிப் போட்டேன். அதே மாதிரி நானே சுவத்துல இருந்தா எனக்கு எப்படி இருக்கும்? நெஞ்சு அடைச்சுப் போச்சு."

நான் அழுதேன். மன்னிச்சிருங்கம்மா, தெரியாமப் பண்ணிட்டேன்னு என்னவெல்லாமோ சொன்னேன். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டு, ஆஸ்பத்திரியில் யார் நோயாளி என்றே தெரியாதபடி அழுதேன்.

"அழாத. அழிச்சுப்புடு" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் போர்வைக்கு மேலே அவர் கை ஓடிக்கொண்டே இருந்தது. பூவும் இல்லை, நாரும் இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சுற்றி, இழுத்து, முடிந்துகொண்டே இருந்தன. செத்த நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 9, புதன்

மாலையை அழித்தோம். எட்டுப் பேரும். உப்புத்தாள், மேலே ரெண்டு கோட்டு பிரைமர். லிங்கேஸ்வரன் கேலி பேசவில்லை, எனக்கும் சேர்த்து மேல் பலகையில் அவனே தேய்த்தான்.

முகத்தை மட்டும் விட்டேன். அழிக்கச் சொன்னதை அழிக்காமல் விட்டது தப்பா? தப்புத்தான். ஆனால் அந்தக் கை.

வீரணனிடம் போய்க் கேட்டேன். ஆட்டோ ஸ்டாண்டில், நாலு டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருக்க. "அண்ணே, மாலையை எடுத்தாச்சு. முகத்துக்குக் கீழ ஒண்ணு வரையணும். திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க. அம்மா வந்து பாக்கட்டும். அவிய வேண்டாம்னா நானே சுண்ணாம்பு அடிச்சிருதேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு நீ?" "ராஜபாளையம்ணே." "அதான்" என்றார். அதான் என்றால் என்ன அர்த்தம் என்று இதுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் சரி என்று தலையாட்டினார்.

ஜூலை 11, வெள்ளி

கை வரைவது முகம் வரைவதைவிடக் கஷ்டம். ஆடி பிறக்கும் முன்பே காற்று ஆரம்பித்துவிட்டது, ஈரப் பெயிண்டில் புழுதி அப்பிக்கொள்கிறது. துடைக்கிறேன், திரும்ப வரைகிறேன்.

குருவம்மாள் பூக்கட்டுகிறார். மடியில் மல்லி. கையிலிருந்து சரம் இறங்கி, பக்கத்துப் படத்தில் இருக்கும் பால்கோவாக் கடைக்காரர் பக்கமாகப் போகிறது, அங்கிருந்து அடுத்தவர் பக்கம். யார் கழுத்திலும் இல்லை, யார் படத்தைச் சுற்றியும் இல்லை. அக்கா பார்த்துவிட்டு, பிரஷ்ஷைக் கழுவி என்னிடம் கொடுத்தார்.

திங்கட்கிழமை என்ன ஆகும்? பிடிக்காவிட்டால்? மறுபடி தலைசுற்றினால்? மறுபடி ஆஸ்பத்திரி என்றால் நான் இந்த ஊர்ப் பக்கமே தலைகாட்ட முடியாது.

ஜூலை 13, ஞாயிறு

தூக்கம் இல்லை.

ஜூலை 14, திங்கள்

குருவம்மாளை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள், மகனின் ஆட்டோவிலேயே வந்தார். வீரணன் நிஜமாகவே சுண்ணாம்பு வாளியைப் பின்சீட்டில் வைத்திருந்தார், நான் பார்த்தேன். தெருவில் பாதி ஜனம் கூடிவிட்டது. நான் சாரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குருவம்மாள் இறங்கினார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். முகத்தைச் சீக்கிரம் தாண்டிவிட்டார், கை இருக்கிற இடத்தில் நின்றுவிட்டார். கிட்டே போனார். சரத்தை விரலால் தொட்டுக்கொண்டே போனார். யாரும் மூச்சு விடவில்லை, நான் நிச்சயமாக விடவில்லை.

"ஏட்டி" என்றார். "இம்புட்டு நெருக்கி மல்லி வச்சா எனக்கு என்னட்டி கட்டுபடியாகும்? தள்ளித் தள்ளி வைக்கணும்."

முதலில் சிரித்தது வீரணன்தான்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். லிங்கேஸ்வரன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "குடி, ராஜபாளையம்" என்றான். வாளிச் சுண்ணாம்பை வீணாக்குவானேன் என்று வீரணனும் அவனுமாகச் சுவரின் அடிவரிசைக்கு அடித்துவிட்டார்கள்.

மல்லியைத் தள்ளித் தள்ளியே வைத்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

குருவம்மாள் கூடையைச் சுவர் முக்கிலிருந்து படத்துக்குக் கீழே மாற்றிக்கொண்டார். அவர் உட்கார்ந்திருக்கும்போது எந்த ஆம்பளை அங்கே ஒதுங்குவான்?

ஜூலை 28, திங்கள்

தேர். ஊர் கொள்ளவில்லை. அக்கா எங்களைச் சுவர்ப் பக்கம் நிற்கச் சொல்லியிருந்தார், கூட்டம் உரசி பெயிண்ட் போய்விடக் கூடாது என்று.

வெளியூர்க்காரர்கள் ஒரு குடும்பம். பெரியவர் படத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கூப்பினார். அவர் சம்சாரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கையில மாலை இருக்கு, கிளியைக் காணோமே?" என்று கேட்டார் அந்த அம்மா. ஆண்டாள் என்றே நினைத்துவிட்டார்கள். திரும்பவும் முதலிலிருந்தா? போச்சு, இப்போது இவர்கள் கூடையிலிருந்து ஒரு மாலையை வாங்கிப் படத்தில் மாட்டிவிட்டால்?

கீழே இருந்து சத்தம் வந்தது.

"கும்புடாதீக. கிளியும் இல்ல, சாமியும் இல்ல, அது நாந்தேன். இந்தா உசுரோட இருக்கேம்லா. பூ வேணுமா?"

ஆகஸ்ட் 18, திங்கள்

ராஜபாளையம் சுவருக்கு இன்று பட்டி பூசித் தேய்த்தோம். சொன்னபடி மாதச் சம்பளம், அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். மற்ற ஏழு பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். டீக்கடைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், என்னைத்தான் எல்லாம் கேட்டார்கள்.

சுவருக்கு எதிரே பணியாரம் சுடும் பெத்தம்மாளிடம் போய் உட்கார்ந்தேன். உங்களை வரையப்போறோம், எப்படி இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க என்றேன். கரண்டியை எண்ணெயில் வைத்தபடியே யோசித்தார். "கம்மல் போட்டு வரை. மாலை கீலை போட்டுராத தாயி, கேள்விப்பட்டேன்" என்றார். லிங்கேஸ்வரன் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனான்.

நாளைக்கு மேல் பலகை. பயமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆடி முடிந்துவிட்டதே, மில் சூப்பர்வைசர்தான். நான் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன்.

"இல்லய்யா, அவ வர மாட்டா" என்றார் அப்பா. "அவளுக்குச் சுவத்துல வேலை இருக்கு."